இல்லாத ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

கொழும்பில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. தமிழ்மொழி மூலம் படித்தவர், இப்போதுதான் ஆங்கிலத்தில் தடித்த தடித்த பேண்டஸி நாவல்களைக் கையில் எடுத்திருக்கிறார். கதை விளங்குகிறது, பெயர்களில்தான் தடக்குப்படுகிறார். படம் பார்த்த சிநேகிதிகள் முன்னால் ஒரு பெயரைச் சொன்னால் "அது அப்படி இல்லையடி" என்று திருத்துகிறார்களாம். இல்லாத ஊரில் வாழாத ஆட்களின் பெயருக்குச் சரியான உச்சரிப்பு என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் எங்கே பார்ப்பது, தான் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் கதைக்குப் பெயர்களை எப்படி வைப்பது என்றெல்லாம் கேட்டிருந்தார்.

சில புத்தகங்களில் சரியான உச்சரிப்பு இருக்கிறது தங்கச்சி, சிலவற்றில் இல்லவே இல்லை. எழுத்தாளர் முதலில் மொழியை உண்டாக்கி அதிலிருந்து பெயரை எடுத்தாரா, அல்லது பார்க்க வடிவாக இருக்கிறது என்று பெயரை மட்டும் வைத்தாரா என்பதைப் பொறுத்தது அது. முதலாவது வகையில் விதி இருக்கும், அதைப் படித்தால் இலாபம். இரண்டாவது வகையில் உங்கள் வாயில் எது வருகிறதோ அதுதான். ஆனால் இதைவிட முக்கியமாக நான் சொல்ல வந்தது வேறு: ஆங்கிலம் பேசிப் பழகிய நாக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பெயர்கள் சுலபம், தமிழில் படித்த நாங்கள்தான் பிழைவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விதிகள் நன்றாக எழுதப்பட்ட புத்தகங்களில் நிலைமை பெரும்பாலும் மறுவளம்.

டொல்கீனையே எடுப்போம். (அவர் பெயரும் டொல்கீன்தான், கடைசியில் "கியன்" இல்லை.) ஒக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் படிப்பித்த பேராசிரியர், மொழிகளை உண்டாக்குவதுதான் அவருக்கு முதல் பித்து, கதை அதற்குப் பிறகு வந்தது. "லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்" நாவலின் மூன்றாம் பாகம் 1955இல் வந்தபோது, பின்னிணைப்பு ஈ என்ற பகுதியில் எந்த எழுத்தை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். நிறையப் பேர் கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவதால் அதைப் பார்ப்பதே இல்லை. அதில் முதலில் வருவது ஆங்கில ஸி எழுத்து: எந்த உயிருக்கு முன்னால் வந்தாலும் அது க்தான். ஆகவே கலாட்ரியலின் கணவர் கெலெபோர்ன், "செலெபோர்ன்" கிடையாது. அடுத்தது உயிரெழுத்துகள். அ, எ, இ, ஒ, உ என்று நாங்கள் சொல்கிற மாதிரி நேராக, வளைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துகளான ஏ, யூ சேர்ந்து வந்தால் ஔவையாரின் ஔ, ஆகவே எதிரியின் பெயர் ஸௌரொன். ஏ, ஐ சேர்ந்து வந்தால் எங்கள் ஐ. ர் எங்கே வந்தாலும், சொல்லின் கடைசியில் வந்தாலும், நாக்கு அதிரச் சொல்ல வேண்டும், இங்கிலாந்துக்காரர் விழுங்குவதுபோல் விழுங்கக்கூடாது. கடைசியில் வரும் எ ஊமையாக இருக்காது. சில சொற்களில் அந்த எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருப்பது அதை விட்டுவிடாதே என்று சொல்லத்தான். மன்வே, நமாரியே என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஆங்கிலேயப் பிள்ளை பழகித்தான் செய்ய வேண்டும். உங்களுக்குப் பழக்க என்ன இருக்கிறது? மெய் இரட்டித்தால் நீட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் விதி. யவன்னா என்ற பெயரில் ன் இரண்டு முறை வருகிறது, இரண்டும் காதில் விழ வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இரட்டிப்பது எழுத்தில்தான், ஒலியில் கிடையாது, அதனால் அவர்கள் "யவானா" என்று போய்விடுவார்கள். பனி, பன்னி இரண்டையும் பாலர் வகுப்பிலேயே பிரித்துக் கேட்ட காது உங்களுடையது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. "சில்மரில்லியன்" 1977இல் வந்த புத்தகம், அதில் அரெதெல் என்று ஒரு இளவரசி வருகிறாள். ஆங்கிலத்தில் அவள் பெயரின் நடுவில் டி, எச் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. அதைப் பார்த்து ஆங்கில வாசகர்கள் பலர் "ஆரடெல்" என்கிறார்கள். டொல்கீன் கேட்பது ஆங்கிலச் சொற்களான "திஸ்", "தட்" இரண்டின் முதலில் வரும் அந்த இளகிய ஒலியை. "அதெல்லாம் சரி" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், நடுவில் வரும் த அதேதான். அதாவது அரெதெல் என்று தமிழில் எழுதி தமிழன் வாசிக்கிற மாதிரி வாசித்தாலே அவர் கேட்ட ஒலி வந்துவிடுகிறது.

குவென்யா என்று அவர் உண்டாக்கிய எல்ஃப் மொழியிலும் இப்படித்தான். அதில் பி, டி, ஜி ஆகிய அதிரும் ஒலிகள் தனியாக நிற்பதில்லை. மூக்கொலிக்குப் பின்னால், அல்லது ல், ர் போன்றவற்றுக்குப் பின்னால்தான் வரும். அம்பு, பந்து, தங்கம் என்று மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் இளகுவது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். டொல்கீன் தமிழைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அவருக்கு மோகம் ஃபின்னிஷ் மொழியில், குவென்யாவின் ஒலியழகு அங்கிருந்து வந்தது. சிந்தாரின் என்ற மற்ற எல்ஃப் மொழிக்கு வெல்ஷ். ஆனாலும் அந்த ஒலிகள் எங்கள் வாய்க்கு ஒத்துவருகின்றன என்பது உண்மை, அதை வெட்கப்பட்டு ஒளிக்கத் தேவையில்லை. 1952இல் ஒரு நண்பர் வீட்டு டேப் ரெக்கோடரில் டொல்கீன் தானே வாசித்தும் பாடியும் பதிந்த பகுதிகள் இருக்கின்றன, பின்னர் இசைத்தட்டாகவும் வந்தன. தேடிக் கேளுங்கள், ர் எப்படி உருள்கிறது என்று விளங்கும்.

எங்களுக்குக் கஷ்டமான இடங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லவேண்டும்தானே. ஒன்று அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது, அதனால் நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. டொல்கீனின் விதி: கடைசிக்கு முந்தின அசை நெடிலாகவோ, குறிலுக்குப் பின்னால் இரண்டு மெய் வருவதாகவோ இருந்தால் அழுத்தம் அதில். இல்லாவிட்டால் அதற்கும் முந்தின அசையில். இசில்துர் என்பதில் "சில்" ஓங்கும், ஏனென்றால் இ-க்குப் பின்னால் இரண்டு மெய். தெனெதோர் என்பதில் நடு அசை வெறும் குறில், ஆகவே "தெ" ஓங்கும். பள்ளிக்கூடத்தில் யாப்புக்காகக் குறில், நெடில், ஒற்று என்று அசை பிரித்தது இங்கே உதவும், அதை யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது கஷ்டம் இந்த ஊர்ப் பழக்கத்தால் வருவது. நாங்கள் சாந்தி, நாதன், வசந்தன் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது த-வுக்கு டி, எச் போடாமல் "ரீ, எச்" (th) போடுகிறோம். அடையாள அட்டை தொடக்கம் கலியாணக் கார்ட் வரைக்கும் அப்படித்தான். அதனால் டொல்கீனின் நாயகன் அரகோர்னின் தகப்பன் அரதோர்னின் பெயரில் அதே இரண்டு எழுத்தைக் கண்டதும் வாய் தானாகத் த என்று போய்விடும். அங்கே வேண்டியது ஆங்கிலத்தில் "தின்" என்று ஒல்லியைச் சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து ஊதும் ஒலி. அது தமிழில் இல்லை, பழகத்தான் வேண்டும். பழகாவிட்டாலும் பெரிய குற்றம் கிடையாது. மேலே நான் தெனெதோர் என்று எழுதியதிலும் கடைசித் த அந்த ஒலிதான், தமிழில் எழுத வேறு எழுத்து இல்லை.

சரி, சிநேகிதிகள் திருத்துகிறார்களே, அந்தப் பெயர்களுக்கு வருவோம்.

ஹரி பொட்டர் கதையின் ஹெர்மயனி உண்டாக்கிய பெயரே அல்ல. கிரேக்கப் புராணத்தில் ஹெலனின் மகள் அவள், ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றிலும் அந்தப் பெயரில் ஒரு அரசி வருகிறாள். இருந்தும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளே அந்தப் பெயரை "ஹெர்மி-ஒன்" என்று கண்டபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வந்த நாலாம் புத்தகத்தில், முதல் படம் வருவதற்கு முன்பே, அதை எழுதிய ரோலிங் ஒரு காட்சி வைத்தார்: வேறு நாட்டிலிருந்து வந்த விக்டர் குரூம் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் திணற, அவள் "ஹெர்-மை-ஓ-நீ" என்று அசை அசையாகச் சொல்லிக் கொடுக்கிறாள். வாசகர்களுக்காகவே வைத்த இடம் அது. ஆகவே உங்கள் சிநேகிதிகளுக்கு அதே பெயரைத் தங்கள் சொந்த மொழியிலேயே பிழையாகச் சொன்ன இலட்சக்கணக்கான வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கதையின் வில்லன் வோல்டமோர்ட் இன்னும் நல்ல உதாரணம். அதன் கடைசி எழுத்து பிரெஞ்சு முறையில் ஊமை, "வோல்டமோர்" என்பதுதான் தன் உச்சரிப்பு என்று ரோலிங்கே 2015இல் சொன்னார். முதல் ஒலிப்புத்தகங்களை வாசித்த ஜிம் டேலும் அப்படித்தான் வாசித்தார், படங்கள் வந்த பிறகு மாற்றிக்கொண்டார். படத்தில் எல்லோரும் கடைசி எழுத்தைச் சொல்கிறார்கள், உலகமும் சொல்கிறது. எழுதியவர் சொல்லியும் மாறவில்லை! படம் பார்த்தவர்கள் திருத்தினால் அவர்கள் திருத்துவது நடிகர்களின் உச்சரிப்புக்கு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

"கேம் ஒஃப் த்ரோன்ஸ்" கதையை எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினிடம் விதிப் பட்டியல் ஒன்றும் கிடையாது. எட்வர்டை எட்டார்டாக்கி, பீட்டரின் எழுத்தை மாற்றி, தெரிந்த பெயர்களை ஒரு கை பார்த்து வைத்தவர் அவர். அவர் கதையில் வரும் இளவரசியை டெனேரிஸ் என்று இப்போது எல்லோரும் சொல்வது 2011இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரால் நிலைத்தது. அந்த நாவல்களின் ஒலிப்புத்தகத்தை வாசித்த ரோய் டொட்ரிஸ் ஒரு பாகத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் சில பெயர்களைச் சொல்லியிருக்கிறார். தொழில்முறை நடிகருக்கே அப்படி. தொடருக்காக, கதையில் வரும் குதிரைவீரர் இனத்தின் டொத்ராக்கி மொழியை உருவாக்கிய மொழியியலாளர் டேவிட் பீட்டர்சன், தன் மொழியின்படி அரசியைக் குறிக்கும் "கலீசி" என்ற உச்சரிப்பு பிழை, முதல் அசை ஓங்கி "கா-லே-சி" என்று வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தொடரில் கலீசி என்றே போனது, அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கும் அளவுக்குப் போனது. இனி யார் அதைத் திருத்துவது?

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெ குவினின் எர்த்ஸீ மந்திரவாதி கெட், "ஜெட்" கிடையாது. ஒருவரின் மெய்யான பெயரை அறிந்தவருக்கு அவர்மேல் அதிகாரம் வந்துவிடும் என்பதே அந்தக் கதையின் அடித்தளம், ஆகவே அதையாவது சரியாகச் சொல்லுங்கள். லூயிஸின் நார்னியா கதைகளில் வரும் சிங்கம் அஸ்லான், துருக்கியில் சிங்கம் என்றே பொருள். சாண்டர்சனின் "மிஸ்ட்போர்ன்" நாவலில் வரும் கெல்சியர், அந்த உலகத்து ஆட்கள் வாயில் பிரெஞ்சு சாயலில் "கெல்சியே", எழுதியவரோ தான் அமெரிக்கர் என்பதால் "கெல்சியர்" என்றே சொல்கிறார். இரண்டும் செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். லவ்கிராஃப்ட் 1928இல் வெளிவந்த கதையில் கொண்டுவந்த கதுல்ஹு என்ற பூதம் மனிதத் தொண்டையால் சொல்லவே முடியாத பெயர் என்று அவரே கடிதத்தில் எழுதினார், கிட்டத்தட்ட "க்லுல்-லூ" என்று ஒரு வழியும் காட்டினார். அதில் மினக்கெடாதீர்கள்.

ரொபர்ட் ஜோர்டனின் "வீல் ஒஃப் டைம்" புத்தகங்களில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், 1990இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே சொற்பட்டியலும் உச்சரிப்பும் இருக்கின்றன. வெள்ளவத்தையில் நாங்கள் சில பேர் சனிக்கிழமைகளில் கூடிச் சத்தமாக வாசிக்கும் வழக்கம். ஒருநாள் ஒரு தம்பி வாசிக்கும்போது "நினேவ்" என்று ஒரு பெயர் வந்தது, பக்கத்தில் இருந்த அக்கா "யார் அது?" என்று கேட்டுவிட்டு, "ஓ, எங்கட நைனாவியா" என்றார், இன்னொருவர் அதுவரை அந்தப் பெயரை வாய்க்குள் சொன்னதே இல்லையாம், "நீளமான பின்னல் போட்ட கோபக்காரி" என்றுதான் அவர் மனதில் இருந்ததாம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் "நைநீவ்". மூன்று பேரும் அவளை ஒரே அளவுக்கு அறிந்திருந்தார்கள், அவளுக்கு என்ன கோபம் வரும், எதற்கு அழுவாள் என்று ஒரே மாதிரி விவாதித்தார்கள்.

மௌனமாக வாசிக்கும்போது கண் பெயரை முழுதாக எழுத்துக் கூட்டுவதில்லை, முதலெழுத்தையும் நீளத்தையும் வடிவத்தையும் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. சங்கடம் எப்போது என்றால் ஒரே வடிவத்தில் இரண்டு பெயர்கள் வரும்போது. டொல்கீனின் ஸௌரொன், மந்திரவாதி ஸாருமன் இரண்டும் கலந்து குழம்பாத புது வாசகர் குறைவு. 1978இல் வந்த "லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்" கார்ட்டூன் படத்தில் ஸாருமனைச் சில இடங்களில் "அருமன்" என்று மாற்றியே விட்டார்கள், அந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான். ஆகவே ஒரு பெயர் முதல்முதல் வரும்போது ஒரு தரம் நின்று, அசை பிரித்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். ஓரத்தில் தமிழில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது, தமிழில் எழுதும்போது கண்ணால் நழுவ முடியாது, குறிலா நெடிலா, ரகரமா றகரமா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தே ஆகவேண்டும்.

அப்படி எழுதும்போது சென்னையில் அச்சான மொழிபெயர்ப்பைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே டாக்டர், அக்டோபர், ஹாரி பாட்டர். இங்கே டொக்டர், ஒக்டோபர், ஹரி பொட்டர். இரண்டு கரையும் ஒரே ஆங்கில ஒலியை இரண்டு விதமாகக் கேட்டு எழுதிவந்திருக்கின்றன, எங்கள் பத்திரிகைகளில் வரும் முறையில் எழுதுவது முற்றிலும் சரியே. வேற்று மொழிப் பெயரை நம் வாய்க்கு வரவைப்பது புது வழக்கமும் இல்லை. "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே" என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் பாடினார், அதனால் அவர்கள் சிறுத்துப் போகவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயர் என்றால் விஷயம் வேறு. உங்கள் பெயரை வங்கியில் யாரோ கொலை செய்தால் உங்களுக்குக் குத்தும்தானே, அந்த ஆளிடம் கேட்டு அவர் சொல்கிற மாதிரித்தான் சொல்லவேண்டும். அரெதெலுக்கு அப்படிக் குத்தப்போவதில்லை. அவளை உண்டாக்கியவர் ஆசைப்பட்ட ஒலி தெரிந்தால் அதை மதித்துச் சொல்லலாம், தெரியாவிட்டால் உங்கள் ஒலி.

இனி உங்கள் கதை. தமிழில் பெயர் உண்டாக்குவது ஆங்கிலத்தை விடச் சுலபம், எழுதியபடி வாசிப்பார்கள். ஆனால் சில குழிகள் இருக்கின்றன. சொல்லின் முதலில் க, ச, ட, த, ப வந்தால் வாசகர் வன்மையாகச் சொல்வாரா இளக்கிச் சொல்வாரா என்று உறுதியில்லை, பஸ்ஸும் டொலரும் வந்த பிறகு அந்தப் பழைய ஒழுங்கு கலைந்துவிட்டது. ஹரி பொட்டரில் வரும் அந்தக் குட்டி வேலைக்காரனை டொபி என்று எழுதினால், கடையில் வாங்கும் டொபியும் அதே எழுத்துத்தான். முக்கியமான ஆட்களுக்கு உயிரெழுத்திலோ ம, ந, வ, ய எழுத்துகளிலோ தொடங்கும் பெயர் வையுங்கள். நடுவில் வன்மை வேண்டுமென்றால் க்க, த்த என்று இரட்டியுங்கள், மென்மை வேண்டுமென்றால் ங்க, ந்த போடுங்கள், அங்கே யாரும் பிழைவிட மாட்டார்கள். விநோதமாக இருக்கட்டும் என்று ஆய்த எழுத்தைத் தூவ வேண்டாம், ப-வுக்கு முன்னால் அது வந்தால் இன்றைக்கு எல்லோரும் ஆங்கில எஃப் என்றே வாசிப்பார்கள். ஆங்கிலக்காரர் பெயருக்கு நடுவில் போடும் ஒற்றை மேற்குறியையும் (அபொஸ்ட்ரஃபி) கொண்டுவராதீர்கள், அதை எப்படி ஒலிப்பது என்று அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ழ, ள இரண்டால் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்களை ஒரே கதையில் வைக்காதீர்கள், எங்கள் பக்கத்துப் பேச்சில் அவை பலர் வாயில் ஒன்றாகிவிடும். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை அண்ணன் தம்பிக்கு வேண்டுமானால் வையுங்கள், நாயகனுக்கும் வில்லனுக்கும் வேண்டாம்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த ஒருவர், கொழும்பில் வளர்ந்த ஒருவர், முடிந்தால் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் என்று ஆட்களைப் பிடித்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்ன பெயரை அப்படியே விடுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்ன பெயரில், அவர்களைத் திருத்துவதற்குப் பதிலாக எழுத்தை மாற்றுங்கள்.